ஒரு சொட்டுச் சிவப்பு

சித்தையன்கோட்டையிலிருந்து வந்த வால்வு ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றியதும் முனீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு "த்தூ" என்றார். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பழைய சேலைக் கிழிசல், வைக்கோல், எந்தத் தேர்தலிலோ கொடுத்த பூத் சிலிப்பு ஒன்று, எல்லாவற்றையும் பல்லால் நறுக்கி மெத்தை போட்டு, அதிலேயே குட்டி போட்டு, அதிலேயே மோண்டு, கடைசியில் அதிலேயே செத்தும் வைத்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் பல்லி முட்டை நாலு. ஸ்பீக்கர் காகிதம் முழுக்கக் கரப்பான் கழிவு.

செட்டைக் கொண்டுவந்தவர் ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஹோட்டல் திறக்கப்போகிற ஆள். வாசலில் பழைய ரேடியோ ஒன்று இருந்தால் கூட்டம் நின்று போட்டோ எடுக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க பாய், உள்ள இருக்கறதயெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு ஒரு புளூடூத்த வச்சுக் குடுத்துருங்க. வெளிய மட்டும் பளபளன்னு இருந்தாப் போதுமுங்க."

"எலியாச்சும் உள்ள இருந்ததக் கழட்டிப் போடாம குடியிருந்துச்சு" என்றார் முனீர். அந்த ஆளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

முனீர் இடுக்கியால் எலியின் எலும்பை எடுத்துத் தாளில் சுருட்டினார். பேகம்பூரில் பள்ளிவாசலுக்குப் போகிற சந்தில், முன்னால் கடையும் திரைக்குப் பின்னால் வீடுமாக நாற்பது வருடங்களுக்கு மேல் இருக்கிறார். வயது அறுபத்து நாலு. அவருக்கு ஊரில் "சீச்சீ பாய்" என்று பெயர். நல்ல மணத்துக்கும் மூக்கைச் சுருக்குகிற மனிதர். பிரியாணி தம் உடைக்கும்போது ஊரே மூக்கை நீட்டினால், இவர் நெய் பழசா என்று பார்ப்பார். பிறந்தபோதே மருத்துவச்சியைப் பார்த்து முகம் சுளித்ததாக அவருடைய மனைவி மெஹராஜ் சொல்வாள். அவள் அங்கே இருந்து பார்த்தவள் இல்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

இந்த மூக்குதான் அவரை ரேடியோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவருடைய அத்தா, தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். பதினைந்து வயதில் முனீரையும் அங்கே கூட்டிப் போனார். மூன்று நாள் போனான். மூன்று நாளும் வாந்தி எடுத்தான். "தோலு நாறுனாத்தான்டா நம்ம வீட்டுல சோறு மணக்கும்" என்று அத்தா சொல்லிப் பார்த்தார், அடித்தும் பார்த்தார். நாலாவது நாள் காலையில் பாதி வழியில் ஒரு ரேடியோ கடை வாசலில் ஈயம் உருகுகிற வாசனை வந்தது. அங்கேயே நின்றுவிட்டான். அதற்குப் பிறகு தோல் ஷாப் பக்கம் போகவில்லை.

ஆனால் நாற்றம் விடுமா? ஒரு வீட்டின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள அடுப்படியை எட்டிப் பார்க்க வேண்டாம், ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும் என்பது அவர் தொழிலில் கண்டது. முன்னால் பூப்போட்ட உறை, சாம்பிராணி, சந்தனப் பொட்டு. பின்னால் எலிப்புழுக்கை. ஊரில் பெரிய மனிதர் என்று நடமாடுகிறவர் வீட்டு ரேடியோவிலிருந்து ஒருமுறை பாம்புச் சட்டையை உருவினார். அதன் பிறகு அந்த மனிதர் மேடையில் பேசுவதைக் கேட்டாலே இவருக்குக் கை கழுவத் தோன்றும்.

டெலிவிஷன் வந்தபோது நாற்றம் கூடியது. கொடைக்கானலில் டவர் வருவதற்கு முன்னால் இலங்கை ஸ்டேஷனைப் பிடிப்பதற்காக மாடிக்கு மாடி நாற்பதடிக் குழாய் நட்டார்கள். முனீர்தான் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே தெருவே ஒரு கூடத்துக்குள் நெருக்கி உட்கார்ந்து வேர்க்கும். புள்ளி புள்ளியாக மழை பெய்கிற திரையில் ஒரு தலை தெரிந்தால் போதும், கைதட்டல். அந்தக் கூடத்தின் வேர்வை வாடைக்கு, ஆன்டெனாக் குழாயின் உச்சியிலேயே இருந்துவிடலாம் என்று முனீர் நினைத்ததுண்டு. பிற்பாடு கோடை எஃப்எம் வந்தது. பாட்டன் காலத்து வால்வு ரேடியோவைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்து அதில் எஃப்எம் கேட்க வேண்டும் என்றார்கள். இதில் வராது என்றால், முனீருக்குத் தொழில் மறந்துவிட்டது என்று அடுத்த தெருவில் பேசினார்கள். வேறு வழியில்லாமல் தீப்பெட்டி அளவு எஃப்எம் போர்டை உள்ளே ஒளித்துவைத்துக் கொடுத்தார். "பாத்தியா, வால்வுல கேட்டா தனிச் சத்தம்" என்று அவர்கள் மெச்சிக்கொண்டு போனார்கள். அவர் சந்துப் பக்கம் திரும்பித் துப்பினார்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரேடியோவோ டிவியோ, உள்ளே சின்னச் சின்ன அலுமினியக் கூடுகள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. ஸ்டேஷன் தெளிவாக விழுகிற இடத்தில் அந்தத் திருகை நிறுத்தி, அது அசையாமல் இருக்க மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். முனீர் வைத்தது ரத்தச் சிவப்பு. அவர் வீட்டில் யாரும் நகத்துக்குப் பூசுவதில்லை. பூசினால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு நிறைவேறாது, தொழ முடியாது. ஆகவே அவரே வளையல் கடையில் பெண்களுக்கு நடுவே நின்று வாங்கிவருவார். கல்யாணமான புதிதில் சட்டைப் பையில் அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டு மெஹராஜ் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு செட்டைத் திறந்து காட்டித்தான் குடித்தனத்தைக் காப்பாற்றினார்.

அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு மெக்கானிக் இருந்தான். நல்ல வால்வை உருவிக்கொண்டு செத்த வால்வைச் சொருகி அனுப்புவது அவன் தொழில். முனீர் பார்த்த செட்டுகள் அவன் கைக்குப் போய்த் திரும்பி வரும். அப்படிப் போகாமல் இருப்பதற்காக, பழுது பார்த்த செட்டைத் திரும்ப வாங்க வருகிறவர்களிடம் அந்தச் சிவப்பைக் காட்டி முனீர் ஏதாவது சொல்லி அனுப்புவார். ஆளுக்குத் தகுந்தாற்போல் ஒரு வார்த்தை. யாரிடம் என்ன சொன்னோம் என்று அவர் நினைவில் வைத்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்காரன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது.

அப்புறம்தான் இந்த ரெட் மெர்குரிக் கதை வந்தது.

முதலில் அதைக் கொண்டுவந்தவர் சடையாண்டி. பழைய இரும்பு, பித்தளை எடுக்கிறவர். திடீரென்று வெள்ளைச் சட்டை போட்டு, மடித்த வேட்டியோடு, ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடியும் மறு கையில் பூண்டுமாகக் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"பாய், வால்வு ரேடியோ, அப்பறம் அந்த ஷட்டர் வச்ச கறுப்பு வெள்ள டிவி இருக்குல்ல, அதுக்குள்ள ரெட் மெர்குரின்னு ஒண்ணு இருக்காம். செவப்பா. ஃபாரின்காரன் கோடிக்கணக்குல வாங்குறான். பூண்டக் கிட்டக் கொண்டு போனா அது வெலகி ஓடும். தங்கத்தக் காட்டுனா ஒட்டிக்கிட்டு வரும். கண்ணாடியில பாத்தா தெரியாது."

"யாருடா சொன்னது?"

"வீடியோவே வந்துருக்கு பாய்."

"நாப்பது வருசமா நானும் கழட்டுறேன். செத்த பல்லியத் தவிர ஒண்ணும் ஓடல."

"நீங்க சாதாப் பூண்டுல பாத்துருப்பீக. இது மலைப்பூண்டு. மலைப்பூண்டுதான் காட்டும்."

முனீர் அந்தப் பூண்டை வாங்கி, திரைக்குப் பின்னால் மெஹராஜிடம் கொடுத்து ரசத்தில் போடச் சொன்னார். சடையாண்டி கோபித்துக்கொண்டு போனார். ஆனால் போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு ஊர் ஊராகப் பழைய செட்டுகளைத் திறந்தார்கள். திறந்த இடத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு இருந்தது. எரியோட்டில் இருந்தது, சேவுகம்பட்டியில் இருந்தது, வத்தலக்குண்டில் இருந்தது. இருக்காதா? எல்லாம் முனீர் வைத்ததுதானே. "பேகம்பூர் பாய் தொட்ட செட்டுல கட்டாயம் சரக்கு இருக்கும்" என்று பேச்சுப் பரவியது.

பிறகு கடைக்கு வந்த கூட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வயிற்றைக் கிழித்த மாதிரி குடல் வெளியே தொங்கத் தொங்க செட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் குத்தி, குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார். ஒருவர் மனைவியின் தாலியைக் கழற்றி ரேடியோவுக்குள் காட்டிக்கொண்டிருந்தார், ஒட்டுகிறதா என்று. கல்லூரியில் பாடம் சொல்கிற ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, அடையாளம் தெரியாது என்ற நம்பிக்கையில், "இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்று காதோரம் கேட்டார். படிக்காதவன் ஏமாந்தால் பாவம் என்று விடலாம். இந்த மனிதரின் மூச்சுக்காற்று காதில் பட்டபோது முனீருக்குத் தோல் ஷாப்பின் முதல் நாள் ஞாபகம் வந்தது.

"இருக்கு. எலிப்புழுக்கை இருக்கு, அள்ளிக் குடுக்கவா?" என்பார் ஒவ்வொருவரிடமும். அது நெயில் பாலிஷ் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த மூஞ்சிகளுக்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா என்ற வெறுப்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மகள் ருக்ஸார் வந்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். மெஹராஜ் இழுத்துப் பார்த்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கையும் அப்படியே.

நகை எங்கே என்று கேட்கிற அவசியம் முனீருக்கு வரவில்லை. அன்று காலைதான் மருமகன் ஃபயாஸ் ஒரு ஷட்டர் டிவியை ஆட்டோவில் கொண்டுவந்து கடை மூலையில் இறக்கி, மேலே போர்வை போட்டு மூடிவிட்டுப் போயிருந்தான். செல்போன் கடை வைத்திருக்கிற பையன். பார்க்க லட்சணமானவன். உலகத்தில் முனீர் வாய்விட்டு "சீ" என்று சொல்ல முடியாத ஒரே ஆள்.

"இந்த டிவிய இவுக சேவுகம்பட்டியில ஒரு வீட்டுல வாங்குனாக அத்தா, சடையாண்டி சொல்லி. எட்டே நாள்ல ரெட்டிப்பாக்கித் தாரேன்னு நகையக் கேட்டாக. நானும் கழட்டிக் குடுத்துட்டேன்." ருக்ஸார் அழவில்லை. "சென்னை பார்ட்டி வருவான்னாக. இப்ப அவன் போனு எடுக்க மாட்டேங்குறான்."

"எடுக்க மாட்டான்" என்றார் முனீர்.

"வேற ஒருத்தரு கெடச்சிருக்காரு. எரியோட்டுக்காரரு, கருப்பணன்னு பேரு. கறவை மாடு மூணு, கெணத்துல பங்கு, எல்லாத்தையும் வித்துட்டு வாராராம். அவரு யார் பேச்சையும் நம்பல. பேகம்பூர் பாயி தன் கையால தொறந்து காட்டுனா எடுத்துக்கிறேங்கிறாரு." அவள் நிறுத்தினாள். "நீங்க பொய் சொல்ல வேணாம் அத்தா. தொறந்து மட்டும் காட்டுங்க. வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

மெஹராஜ் மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் நாத்தனா நிக்காஹ். மாமியா வீடே கூடி நிக்கும். நா இந்தக் கழுத்தோட எப்படிப் போயி நிப்பேன்?"

முனீருக்கு அருவருப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சடையாண்டி மேல், ஃபயாஸ் மேல், மாட்டை விற்றுவிட்டு வருகிற அந்த முட்டாள் மேல், இதைக் கேட்கத் தன்னிடமே வந்த மகள் மேல். எல்லாவற்றையும்விட, அவள் கேட்டது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை என்று தன் மனசு ஒரு மூலையில் சொல்லிக்கொண்டிருந்தது பாருங்கள், அதன் மேல். வாயைத் திறக்காமல் இருப்பதுதானே. அதைத்தான் இத்தனை மாதமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியான லுஹர் தொழுகை முடிந்து வந்தபோது கருப்பணன் கடையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். காய்த்துப்போன கை, துவைத்துத் தேய்ந்த வேட்டி. மடியில் மஞ்சள் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் ஃபயாஸ் அவருக்கு டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தான். திரைக்குக் கீழே ருக்ஸாரின் கால்விரல்கள் தெரிந்தன.

"சலாம் பாய். நல்லாருக்கீகளா? என்னய ஞாபகம் இருக்காது."

இல்லை என்று முனீர் தலையாட்டினார். டிவியை மேசைமேல் திருப்பிவைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்பக்க அட்டையை எடுத்தார். நூலாம்படை. காய்ந்து காகிதமாகிப்போன பல்லி ஒன்று. அதற்குப் பக்கத்தில், அலுமினியக் கூட்டின் தலையில், அவருடைய சிவப்பு. கொடைக்கானல் டவர் வந்த வருடம் சேவுகம்பட்டிக்கு பஸ்ஸில் போய், டிவிக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து வைத்தது. அன்று அந்த வீட்டில் கொடுத்த மோரில் எறும்பு மிதந்ததுகூட நினைவுக்கு வந்தது.

கருப்பணன் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பூண்டை எடுத்தார். கிட்டக் கொண்டுபோனார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூண்டைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, அந்தச் சிவப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முனீர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். இருந்துவிட முடியும் என்றுதான் நினைத்தார். திரைக்குக் கீழே கால்விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமுக்கிக்கொண்டிருந்தன.

"போதும் பாய்" என்று கருப்பணன் துணிப்பையை எடுத்து ஃபயாஸ் பக்கம் நீட்டினார். "நீங்க இல்லைன்னு சொல்லலையில்ல. அது போதும்."

"அப்பு, அது நெயில் பாலிஷ்" என்றார் முனீர்.

"மாமா" என்றான் ஃபயாஸ்.

"நாந்தான் வச்சேன். திருகு அசையாம இருக்க வைக்கிறது. வளையல் கடையில விக்கிற நெயில் பாலிஷ். பொம்பளப் பிள்ளைக நகத்துல பூசுறது. காசுப்பைய மடியிலயே வையி."

கருப்பணன் அவரையும் ஃபயாஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெரிந்துகொண்டவர் போலச் சிரித்தார். "மாமனும் மருமகனும் பேசி வச்சுக்கிட்டு வெலைய ஏத்துறீகளா? இல்ல, நீங்களே எடுத்துக்கலாம்னு பாக்குறீகளா?"

முனீர் மேசை டிராயரைத் திறந்தார். புட்டியை எடுத்தார். மூடியைத் திருகி, அந்தக் குச்சியால் தன் இடது கட்டைவிரல் நகத்தில் முழுக்கத் தடவி, கருப்பணனின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "மோந்து பாரு. அதே நெறமா? இப்ப உன் பூண்டக் காட்டு, என் நகம் வெலகி ஓடுதான்னு பாப்பம்."

சாயத்தின் நெடி கடை முழுக்கப் பரவியது. கருப்பணன் நகத்தைப் பார்த்தார், கூட்டின் தலையைப் பார்த்தார். ஆனால் அவர் முகத்திலிருந்த நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு, பெரியவர் ஒருவருக்கு மறந்துபோனதை நினைவுபடுத்துகிற பொறுமையோடு பேச ஆரம்பித்தார்.

"பாய், எங்கிட்ட மறைக்காதீக. எங்கய்யாகூட இதே கடைக்கு வந்துருக்கேன், டவுசர் போட்ட வயசுல. ஒரு மர ரேடியோ. நீங்கதான் அட்டையக் கழட்டி எங்கய்யாவுக்குக் காமிச்சீக. 'இந்தச் செட்டோட உசுரு இந்தச் செவப்புலதான் இருக்கு. வேற எவனும் கைய வச்சு இது உதுந்துச்சுன்னா செட்டும் போச்சு, வீட்டுக்கும் ஆகாது'ன்னு சொன்னீக. எங்கய்யா அதச் சாமி வாக்கா எடுத்துக்கிட்டாரு. மெர்குரின்னு பேரு இப்பத்தான் வந்துச்சு. எங்களுக்கு அப்பவே தெரியும்."

முனீர் புட்டியை மூடாமல் கையில் வைத்திருந்தார்.

"ஒருக்கா எலி பூந்துருச்சு. எங்காத்தா பெருமாயி, பாவம், அட்டையக் கழட்டி வெளக்கமாத்துக் குச்சியால வெரட்டிருக்கா. இந்தச் செவப்பு உதுந்து போச்சு. எங்கய்யா வந்து பாத்தாரு. அன்னைக்கு அவளப் போட்டு அடிச்ச அடியில எடது காது போச்சு. ரத்தமா வந்துச்சு. வீட்டுக்கு ஆகாதத செஞ்சுட்டியேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. அந்த வருசம் மழையில்ல, அதுக்கும் அவளத்தான் சொன்னாக. சும்மாவா பாய்? ஒண்ணுமில்லாததுக்கா ஒருத்தன் அப்படி அடிப்பான்?"

ஃபயாஸ் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். முனீருக்கு அந்த அய்யாவும் ஞாபகம் இல்லை, மர ரேடியோவும் ஞாபகம் இல்லை, டவுசர் போட்ட பையனும் ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வார்த்தைகள் தன்னுடையவைதான் என்று தெரிந்தது. 'வீட்டுக்கும் ஆகாது' என்பதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார், அப்போது முகத்தை எப்படி வைத்திருப்பார் என்றுகூடத் தெரிந்தது. கிராமத்து ஆட்களுக்கு அதுதான் எடுபடும் என்று கண்டுபிடித்துவைத்திருந்த நாட்கள் அவை.

"அது பொய்யி" என்றார்.

"எது?"

"நாஞ் சொன்னது. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் இருந்தான். செட்ட அவங்கிட்டக் கொண்டு போயிரக் கூடாதுன்னு சொன்னது. வேற ஒண்ணும் இல்ல."

கருப்பணன் சட்டைப் பைக்குள்ளிருந்து பூண்டை மறுபடி எடுத்தார். அதன் தோலை நகத்தால் உரித்து உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பல்லும் உரிந்த பிறகு கேட்டார்:

"அப்ப எங்காத்தா எதுக்குப் பாய் அடி வாங்குனா?"

கருப்பணன் துணிப்பையைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு முனீரின் முகத்தைப் பார்த்தார். கருப்பணனின் மூக்கு இரண்டு பக்கமும் சுருங்கி, உதடு ஒருபக்கம் ஏறியிருந்தது. எலி செத்த ரேடியோவைத் திறந்தால் தன் முகம் இப்படித்தான் போகும் என்று முனீருக்குத் தெரியும். நாற்பது வருடமாக ஊரைப் பார்த்துத் தான் வைத்திருந்த முகத்தை அன்றுதான் எதிரே பார்த்தார்.

"ஆத்தா வீட்டுலதான இருக்காக? நா எரியோட்டுக்கு வாரேன். அவககிட்ட நானே சொல்றேன்" என்றார் முனீர்.

"வேணாம்" என்றார் கருப்பணன். "வயசானதுல வலது காதும் போச்சு. வந்து சொன்னாலும் அவளுக்குக் கேக்காது."

வாசலில் இறங்கி, சாக்கடையில் காறித் துப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

ஃபயாஸ் மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனான். டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். முனீர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வைத்த கையில் நகம் சிவப்பாக இருந்தது. இதோடு ஒளு எடுத்தால் சேராது. மேசைமேல் சாயத்தை அழிக்கிற தின்னர் புட்டியைத் தேடினார். அதில் ஒரு சொட்டும் இல்லை. காலையில் ஹோட்டல்காரரின் ரேடியோவுக்கு எல்லாவற்றையும் ஊற்றித் துடைத்திருந்தார். பிளேடை எடுத்துச் சுரண்டினார். மேலே உரிந்தது. நகத்தின் ஓரத்திலும் சதையின் மடிப்பிலும் அப்படியே நின்றது.

திரையை விலக்கிக்கொண்டு ருக்ஸார் வந்தாள். எதிரே உட்கார்ந்து அவர் கையை இழுத்து மடியில் வைத்து, பிளேடை வாங்கி, நகத்தோரமாகச் சுரண்ட ஆரம்பித்தாள். அவள் குனிந்திருந்தபோது வெறும் கழுத்தில் சங்கிலி கிடந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. முனீர் பார்வையை எடுத்துக்கொண்டார். எடுத்த பார்வை பின்பக்கம் திறந்துகிடந்த டிவியில் போய் விழுந்தது.

"அந்தச் செவப்புப் புட்டிய மூடுங்க அத்தா" என்றாள் அவள், தலை நிமிராமல். "நாறுது."

பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை தொடங்கிவிட்டது. பிளேடு பட்டுச் சதையில் ரத்தம் துளிர்த்தது. இனி எது சாயம், எது ரத்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.